நுனி சிதைந்த அம்பும் கொல்லன் உலையும்

படைக்கலங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஏந்தியவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. வில்லெடுத்த வேந்தனும், வேட்டைக்குச் சென்ற தலைவனும், குறி தப்பாத வீரனும் நூல்களில் இடம்பெற, எய்த அம்பைத் தேடி எடுத்துவந்து, வளைந்த நுனியை நிமிர்த்தி, மழுங்கிய கருக்கைத் தீட்டி, மறுபடியும் எய்வதற்கு ஏற்றதாக்கிக் கொடுத்தவர்களைப் பற்றிய குறிப்பு அரிதாகவே கிடைக்கிறது. இரும்பு மலிந்துவிட்ட இக்காலத்தில் இப்பணி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் சிறிதளவு இரும்பைக் கனிமத்திலிருந்து பிரித்தெடுப்பதற்கே கூடை கூடையாய்க் கரி எரிக்க வேண்டியிருந்த காலங்களில் அம்புமுனை எறிந்துவிடத்தக்க பொருளாக இருந்திருக்க முடியாது. உலைக்களத்தின் பக்கம் நின்று பார்க்கும்போதுதான் அம்பின் வரலாறு முழுமை பெறுகிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

இக்கருத்துக்குத் தமிழில் மிகப் பழைய சான்று உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் பாடிய புறநானூற்றின் 95-ஆம் பாடல், இருவேறு படைக்கலக் கொட்டில்களை எதிரெதிரே நிறுத்துகிறது. தொண்டைமானின் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தப்பட்டு, நெய் பூசப்பெற்று, காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன. அதியமானின் ஆயுதங்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்தமையால் கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வது போலப் பழிக்கும் நயத்துக்காக இப்பாடல் பெரிதும் போற்றப்படுகிறது. அந்த நயத்துக்கு அடியில் ஒரு தொழில்நுட்பச் செய்தியும் இருப்பதைக் கவனிக்க வேண்டும்: பயன்பாட்டில் உள்ள படைக்கலம் சிதையும், சிதைந்தது உலைக்குப் போகும், உலையிலிருந்து மீண்டும் களத்துக்கு வரும் என்னும் சுழற்சி, சங்ககாலத்துக் கேட்போர் விளக்கமின்றி அறிந்திருந்த ஒன்றாகவே பாடலில் வருகிறது. டெல்லித் தேசிய அருங்காட்சியகம் போன்ற இடங்களின் படைக்கலக் கூடங்களில் பொன்வேலைப்பாடும் மெருகும் கொண்டு நிற்பவை பெரிதும் தொண்டைமான் கொட்டிலைச் சேர்ந்தவை. அதியமான் கொட்டிலைச் சேர்ந்தவை துருவேறிய துண்டுகளாகச் சேமிப்பறைகளில் இருக்கின்றன.

இங்குப் பேசப்படும் அம்புமுனை எத்தகையது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. போட்டிகளில் இலக்குப் பலகையை நோக்கி எய்யப்படும் அம்பின் முனை கூம்பு வடிவிலானது, வெட்டும் விளிம்பு இல்லாதது. வேட்டைக்குரிய முனையோ இரண்டு, மூன்று அல்லது நான்கு அகன்ற அலகுகளைக் கொண்டது; ஒவ்வோர் அலகின் ஓரத்திலும் கத்திக்கு இருப்பதைப் போன்ற கருக்கு, அதாவது தீட்டப்பட்ட வெட்டு விளிம்பு, உண்டு. வேட்டைத் துப்பாக்கியின் தோட்டா அதன் பெருவேகத்தால் தசையையும் எலும்பையும் சிதைத்து உயிரைப் போக்குகிறது. அம்புக்கு அத்தகைய வேகம் இல்லாததால், குருதிக் குழாய்களை அறுத்து, விரைந்த குருதியிழப்பால் மட்டுமே அது விலங்கை வீழ்த்த முடியும். கூரிய கருக்கு குழாயைத் துண்டித்துவிடும். மழுங்கிய கருக்கு அதை ஒதுக்கிவிட்டுப் பக்கவாட்டில் நழுவும், அல்லது கிழித்துவிட்டு நிற்கும், கிழிந்த குழாய் சுருங்கிக் குருதி உறையவும் செய்யும். அப்போது விலங்கு உடனே சாகாமல், காயத்தோடு காட்டுக்குள் ஓடி, நாள்கணக்கில் துன்புற்று மடிகிறது. ஆகவே அம்பைத் தீட்டுவது சிக்கனத்துக்கான வேலை மட்டுமன்று. அது வேட்டையாடப்படும் உயிரின் வேதனையோடு நேரடியாகத் தொடர்புடையது.

முனையின் வடிவமும் பொருளும் தொழிலுக்கேற்ப மாறும் என்பதைப் பண்டைய நூலாசிரியர்கள் அறிந்திருந்தனர். கௌடிலியரின் அர்த்தசாத்திரம், படைக்கலச் சாலை அதிகாரியின் கடமைகளைக் கூறும் பகுதியில், வெட்டுவதற்கும் துளைப்பதற்கும் அடிப்பதற்கும் உரிய அம்புமுனைகள் இரும்பு, எலும்பு, மரம் ஆகியவற்றால் செய்யப்படும் என்கிறது. இதிகாசங்களில் வரும் பிறைவடிவ முனையும், மயிர்க்கத்தி போன்ற முனையும் வெட்டும் வகையைச் சேர்ந்தவை. கொக்கிபோல் பின்னோக்கி வளைந்த முள்ளுடைய முனை, பாய்ந்த இடத்திலிருந்து எளிதில் வெளிவராதது. போரில் அதைப் பயன்படுத்தலாகாது என்று மனுஸ்மிருதி தடுக்கிறது. அம்பைப் பிடுங்கி எடுப்பதே ஒரு கலையாக இருந்தது என்பதற்கு முகலாயர் காலச் சான்றும் உண்டு. அக்பரின் படைக்கலச் சாலைப் பொருள்களை வரிசைப்படுத்தும் அபுல் ஃபசலின் அயினி அக்பரி, பைகான்கஷ் என்னும் பெயரில், தைத்த அம்புமுனையை இழுத்தெடுக்கும் கருவி ஒன்றையும் குறிப்பிடுகிறது.

எடுத்த முனை எவ்வாறு சிதைந்திருக்கும் என்பது அது எதில் பட்டது என்பதைப் பொறுத்தது. மண்ணில் புதைந்த அம்பின் கருக்கு, மணலோடு உராய்ந்து சீராக மழுங்கியிருக்கும். அதைச் சாணைக்கல்லில் தேய்த்தாலே போதும். எலும்பில் பட்டதன் ஓரம் ஒருபக்கமாக மடிந்திருக்கும், அல்லது பல் விழுந்ததுபோல் பொக்கு விட்டிருக்கும். பாறையில் மோதியதன் நுனியோ மூக்கு மடங்கிச் சுருண்டிருக்கும். இவற்றையெல்லாம் விட மோசமானது கண்ணுக்குத் தெரியாத சிதைவு. முனையைத் தண்டோடு இணைக்கும் பகுதி, தண்டுக்குள் செருகப்படும் ஆணி போன்ற காம்பாகவோ, தண்டின் தலையை உள்வாங்கிக்கொள்ளும் குழலாகவோ இருக்கும். மோதலின் முழு விசையும் அவ்விடத்தில்தான் போய்த் தங்குவதால், அங்கே மயிரிழை போன்ற வெடிப்போ சிறு வளைவோ ஏற்பட்டுவிடும். அம்பை அதன் நுனியில் நிறுத்தி உள்ளங்கையில் சுழற்றிப் பார்க்கும்போது தண்டு தள்ளாடினால், முனை அச்சு விலகியிருக்கிறது என்று பொருள். கருக்கு எவ்வளவு கூராக இருந்தாலும் அத்தகைய அம்பு நேரே பறக்காது. காம்பில் வெடிப்புள்ள முனை எலும்பில் பட்டதும் முறிந்துவிடும். தேர்ந்த வேட்டைக்காரரும் தேர்ந்த கொல்லரும் இங்கே ஒரே முடிவுக்கு வருகின்றனர்: கருக்கின் குறை திருத்தத்தக்கது, காம்பின் வெடிப்பு திருத்தத்தக்கதன்று, வெடித்த முனை அம்பாக நீடிக்காமல் மூல இரும்பாகி உலைக்குத் திரும்ப வேண்டும்.

திருத்தும் முறை இரும்பின் இயல்பைப் பொறுத்து இரண்டாகப் பிரிகிறது. கரிமம் மிகக் குறைந்த மெல்லிரும்பாயின், மடங்கிய நுனியைக் குளிர்ந்த நிலையிலேயே பட்டடைமேல் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டி நிமிர்த்திவிடலாம். தட்டத் தட்ட ஓரம் மெலிந்து வருவதோடு, ஓரளவு கடினமும் அடையும். கரிமம் ஏறிய எஃகு அப்படி வளைந்து கொடுப்பதில்லை. தோய்ச்சல் பெற்ற எஃகைக் குளிரில் தட்டினால் அது வெடித்துவிடும். தோய்ச்சல் என்பது எஃகைச் செந்நிறமாகக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ சட்டென்று அமிழ்த்துவதாகும். ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கிறது. தோய்ப்பதற்கு உரிய வெப்பம் அதையொட்டிச் சற்று மேலே இருக்கிறது. வெப்பமானி இல்லாத கொல்லர்கள் இதனை நிறத்தாலேயே கண்டறிந்தனர், உலைக்களங்கள் வெயில் படாத அரையிருளில் அமைவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே எஃகு முனையைத் திருத்துபவர் முதலில் அதைக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டு இளக்கி, பிறகு நிமிர்த்தி, மறுபடியும் காய்ச்சித் தோய்க்க வேண்டும். தோய்த்த எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும் இயல்புடையது என்பதால், அதன் கடுமையைத் தணிக்க மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டுவர். அப்போது தேய்த்துப் பளபளப்பாக்கிய பரப்பில் முதலில் வைக்கோல் நிறமும், அடுத்துப் பழுப்பும், கத்தரிப்பூ நிறமும், ஏறத்தாழ 300 பாகையில் நீலமும் தோன்றும். எந்த நிறத்தில் நிறுத்த வேண்டும் என்பதில்தான் கொல்லரின் தேர்ச்சி இருக்கிறது, ஏனெனில் நீலத்தைத் தாண்டவிட்ட கருக்கு தீட்டினாலும் கூர்மையைத் தாங்காது. மின்சாணையில் அவசரமாகத் தீட்டப்படும் முனைகள் கெடுவதும் இதனாலேயே; சக்கரத்தின் உராய்வுச் சூடு மெல்லிய ஓரத்தைச் சில நொடிகளில் நீலமாக்கிவிடுவதால், ஒவ்வொரு தேய்ப்புக்கும் இடையே முனையை நீரில் நனைப்பது இன்றியமையாதது.

பொக்கு விழுந்த ஓரத்தை அரத்தால் ராவும்போது, பொக்கின் ஆழம் வரை முழு ஓரத்தையும் குறைக்க வேண்டியிருக்கும். ஒருபக்கத்தை மட்டும் குறைத்தால் முனை எடைச்சமன் இழந்து அம்பைத் திருப்பும். எனவே பழுதில்லாத மறுபக்கத்தையும் அதே அளவு ராவித் தள்ள நேர்கிறது. பிறகு கல்லில் தேய்த்து, எதிர்ப்பக்கத்தில் எழும் மெல்லிய பிசிரைத் தோல்பட்டையில் இழுத்து நீக்கினால் கருக்கு முடிவடையும். இரண்டு அலகுள்ள முனைக்குப் பக்கத்துக்கு 20 முதல் 25 பாகை வரையிலான சாய்வு பொருந்தும் என்பது இன்று வில்வேட்டைக்குச் சட்டம் இடமளிக்கும் நாடுகளில் பெரிதும் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. அந்நாடுகளில் 100 கிரெயின், அதாவது ஏறத்தாழ 6.5 கிராம், எடையுள்ள முனைகள் பரவலாகப் பயன்படுகின்றன. ஒற்றைத் தடித்த எஃகாலான முனைகளைப் பலமுறை தீட்டலாம். மெல்லிய சவரத்தகடு பொருத்திய முனைகளில் தகட்டைத் தீட்டாமல் மாற்றிவிடுவதே வழக்கம். மூன்று அலகுள்ள முனைக்கு வேறொரு வசதி உண்டு. அதைத் தட்டையான கல்லின்மேல் படுக்க வைத்தால் இரண்டு கருக்குகள் ஒருங்கே கல்லைத் தொடும். மூன்று முறை திருப்பித் தேய்த்தால் மூன்று ஓரமும் தாமாகவே 60 பாகைக் கோணத்தில் அமையும், கோணம் பார்க்கும் கண் தேவையில்லை. சகர்களோடும் பிற நடு ஆசியக் குதிரைவீரர்களோடும் வடமேற்கு இந்தியாவுக்குள் பரவிய மூவலகு முனைகள் அதே வடிவமைதி உடையவை. ஓரிடத்தில் நிலைத்த பட்டறை இல்லாத படையினருக்கு இவ்வெளிமை உதவியிருக்கும் என்று கருதுவதில் பிழையில்லை.

இந்தியாவில் வேட்டை அம்பின் மறுபயன்பாடு இன்றளவும் உயிரோடு இருக்கும் இடம் அந்தமான் தீவுகளாகும். அத்தீவுகளின் தொல்குடியினருக்கு இரும்பை உருக்கும் தொழில் கிடையாது; கரையில் உடைந்த கப்பல்களிலிருந்தும் பிற்காலத்தில் குடியேற்றங்களிலிருந்தும் கிடைத்த இரும்பே அவர்களின் அம்புமுனையாயிற்று. ஜாரவா மக்கள் காட்டுப்பன்றியை எய்யும் அம்பு அகன்ற இரும்பு அலகைக் கொண்டது. வடசென்டினல் தீவின் பவளப்பாறையில் 1981-ஆம் ஆண்டு பிரிம்ரோஸ் என்னும் சரக்குக் கப்பல் தட்டி நின்றுபோனபின், அத்தீவினர் அதன் இரும்பைப் பெயர்த்தெடுத்துத் தங்கள் கருவிகளுக்குப் பயன்படுத்தினர். கடலோடிகளுக்குக் குப்பையான தகடு, நெருப்பில் காய்ச்சப்படாமல் கல்லால் தட்டப்பட்டு, கல்லிலேயே தீட்டப்பட்டு, வேட்டைக் கருவியாக மறுபிறவி எடுத்தது. முன்பு கூறிய மெல்லிரும்பின் இயல்பு இங்கே எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காண வேண்டும்: கப்பல் கட்டும் தகடு கரிமம் குறைந்தது, குளிரில் தட்ட இடங்கொடுப்பது, உலையே இல்லாத சமூகத்துக்கு அதைவிட ஏற்ற உலோகம் அரிது.

பெரிய அந்தமானியரின் பன்றி அம்பு இன்னும் நுட்பமானது. ராட்கிளிஃப்-பிரவுன் 1922-இல் வெளியிட்ட அந்தமான் தீவினர் பற்றிய நூலிலும், அதற்கு முன்பு இ. எச். மேனின் குறிப்புகளிலும் விவரிக்கப்படும் அவ்வம்பில், இரும்பு முனை பொருத்திய முன்தண்டு தனியாகவும், பின்தண்டு தனியாகவும் இருந்து, ஒரு கயிற்றால் இணைக்கப்பட்டிருக்கும். பன்றியின் உடலில் முனை பாய்ந்ததும் பின்தண்டு கழன்று கயிற்றில் தொங்கும். புதருக்குள் ஓடும் பன்றியை அது கொடிகளில் சிக்க வைத்து நிறுத்திவிடும். விலங்கு நெடுந்தூரம் போகாமல் பிடிபடுவதோடு, கிடைத்தற்கரிய இரும்பும் காட்டில் தொலையாமல் திரும்பக் கிடைக்கிறது. இரும்பின் அருமையே அம்பின் அமைப்பைத் தீர்மானித்திருக்கக்கூடும் என்ற எண்ணத்தை இவ்வமைப்பு எழுப்புகிறது. மதிப்புக்கும் ஆழ்ந்த வியப்புக்கும் உரியதான இத்தொழில்நுட்பத்தைப் பழமையின் எச்சம் என்று ஒதுக்கிவைப்பது பெரும் அறியாமை.

தீட்டத் தீட்டச் சுருங்கும் கருவி தொல்லியலாளரையும் ஏமாற்றக்கூடியது. அமெரிக்காவின் வயோமிங் பகுதியில் ஆய்வு செய்த ஜார்ஜ் ஃபிரிசன், கற்கருவிகள் பயன்பாட்டின்போது மீண்டும் மீண்டும் கூராக்கப்பட்டு வடிவம் மாறுவதை 1968-இல் எடுத்துக்காட்டினார்; ஆர்தர் ஜெலினெக் 1976-இல் அதற்கு ஃபிரிசன் விளைவு என்று பெயரிட்டார். அகழாய்வில் கிடைக்கும் நீண்ட முனையும் குட்டை முனையும் இருவேறு வகைகளாக இல்லாமல், ஒரே முனையின் இளமையும் முதுமையுமாக இருக்கலாம் என்பது இதன் சாரம். இந்த எச்சரிக்கை இரும்பு முனைகளுக்கும் பொருந்தும். உத்தரப்பிரதேசத்தின் ஏட்டா மாவட்டத்தில் உள்ள அத்ரஞ்சிகேடாவில், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் ஆர். சி. கௌர் 1960-களில் நடத்திய அகழாய்வில், ஓவியம் தீட்டிய சாம்பல்நிற மட்கலப் பண்பாட்டு அடுக்குகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட இரும்புப் பொருள்கள் கிடைத்தன. அவற்றில் அம்புமுனைகளும் ஈட்டிமுனைகளும் இருந்ததோடு, கொல்லரின் குறடும் இருந்தது. ஓர் அகழாய்வில் ஆயுதமும் ஆயுதத்தைத் திருத்தும் கருவியும் சேர்ந்து கிடைப்பது ஔவையார் காட்டும் கொல்லனின் சிறிய பட்டறையையே நினைவூட்டுகிறது. தமிழகத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பு, எஃகு உருக்கிய சான்றுகளும் ஈமச்சின்னங்களில் இரும்பு ஆயுதங்களும் கிடைத்திருக்கின்றன. இத்தகைய தொகுதிகளில் முனைகளின் நீளத்தையும் அகலத்தையும் மட்டும் கொண்டு வகைப்பாடு செய்வது போதாது. காம்பின் அளவு மாறாமல் அலகு மட்டும் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தீட்டும் தொழிலாளி அலகைத்தான் தேய்ப்பார், காம்பைத் தொடமாட்டார்.

டெல்லியில் இரும்பைப் பற்றிப் பேசும் எவரும் மெஹ்ரௌலி இரும்புத் தூணைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. ஏழு மீட்டருக்கு மேல் உயரமும் ஏறத்தாழ 6 டன் எடையும் கொண்ட அத்தூண், கரிமம் குறைந்து பாஸ்பரஸ் மிகுந்த இரும்புக் கட்டிகளைக் காய்ச்சி அடித்து ஒட்டவைத்து உருவாக்கப்பட்டது. அந்தப் பாஸ்பரசே துருவைத் தடுக்கும் படலம் உருவாகத் துணைபுரிந்தது என்பதைக் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஆர். பாலசுப்பிரமணியம் விரிவாக ஆராய்ந்து காட்டினார். அத்தூணுக்குக் கிடைத்த கவனத்தில் நூறில் ஒரு பங்குகூட இந்நகரின் சாலையோரங்களில் இன்றும் உலை மூட்டும் காடியா லோஹார் மக்களுக்குக் கிடைக்கவில்லை. சித்தூர்க் கோட்டை 1568-இல் அக்பரிடம் வீழ்ந்தபின், அது மீட்கப்படும்வரை நிலையான வீட்டில் வாழ்வதில்லை என்று சூளுரைத்துத் தங்கள் முன்னோர் வண்டியேறியதாகவும், அவர்கள் மேவார்ப் படைக்கு ஆயுதம் செய்தவர்கள் என்றும் இம்மக்கள் கூறுகின்றனர். 1955 ஏப்ரலில் ஜவகர்லால் நேரு அவர்களைச் சித்தூர்க் கோட்டைக்குள் அழைத்துச் சென்று அச்சூளுரையை முடித்துவைத்தார். ஆண் குறட்டால் பிடிக்க, பெண் சம்மட்டி ஓங்கி அடிக்கும் இவர்களின் பட்டறைகளில் கட்டடத் தொழிலாளரின் மழுங்கிய உளிகள் காய்ச்சித் தட்டப்பட்டுத் தோய்ச்சல் பெறுகின்றன. பழைய வாகனங்களின் வில்தகடுகள் கோடரியாகின்றன. அம்புமுனை இப்போது அங்கே வருவதில்லை என்றாலும், அதைத் திருத்துவதற்கு வேண்டிய அறிவு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. சாலையோரக் குடியிருப்புகள் அகற்றப்படும்போது உலைகளும் அவற்றோடு அகற்றப்படுவது இந்நகரின் பெரும் இழப்பாகும்.

அம்பு வராமைக்குக் காரணம் சட்டமும் ஆகும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அட்டவணைகளில் உள்ள விலங்குகளை வேட்டையாடுவதைத் தடைசெய்கிறது. நிக்கோபார்ப் பழங்குடியினரின் வேட்டையுரிமை அதன் 65-ஆம் பிரிவால் காக்கப்பட்டுள்ளது. வனவாழ் மக்களின் உரிமைகளை ஏற்ற 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் மரபான உரிமைகளை அங்கீகரிக்கும் இடத்திலேயே வேட்டையுரிமையை விலக்கிவைக்கிறது. அருகிவரும் உயிரினங்களைக் காக்க இத்தடை தேவை என்பதில் ஐயமில்லை. எனினும் வேட்டை நின்ற இடத்தில் அதைச் சார்ந்த உலோக அறிவும் எழுதப்படாமலேயே நின்றுபோவதற்கு எந்தச் சட்டமும் பொறுப்பாகாது. அது ஆய்வாளர்களின் பொறுப்பு.

செய்யத்தக்கது என்ன என்பதும் தெளிவானதே. துரு, இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைத்துக்கொண்டு வீங்குவதால், அகழாய்வு முனைகளில் முதலில் அழிவது கருக்கேயாகும். வெறுங்கண்ணால் பார்த்துத் தீட்டிய தடத்தைக் காண இயலாது. ஆனால் ஊடுகதிர்ப் படம், துருவுக்குள் எஞ்சியிருக்கும் உலோகத்தின் உருவத்தையும் ஒட்டுவேலையின் கோடுகளையும் காட்டும். உடைந்த துண்டிலிருந்து சிறு மாதிரியை அறுத்து, மெருகேற்றி, அமிலம் பூசி உருப்பெருக்கியில் பார்த்தால், இரும்போடு கலந்திருக்கும் கசடு எத்திசையில் நீண்டிருக்கிறது என்பதிலிருந்து சம்மட்டி அடித்த திசையும், ஓரத்தில் கரிமம் குறைந்திருப்பதிலிருந்து மீண்டும் மீண்டும் காய்ச்சிய வரலாறும் வெளிப்படும். புதிதாகச் செய்த முனைக்கும் பலமுறை உலைக்குச் சென்றுவந்த முனைக்கும் உள்ள வேறுபாடு அங்கே பதிவாகியிருக்க வாய்ப்புண்டு. உருத்தெரியாத இரும்புத் துண்டுகள் என்று பட்டியலிடப்பட்டுப் பெட்டிகளில் கிடப்பவற்றை இந்த நோக்கில் மறுபடியும் எடுத்துப் பார்ப்பதும், அந்த ஆய்வு மேசைக்கு உலோகவியலாளரோடு டெல்லியின் காடியா லோஹார் கைவினைஞர் ஒருவரையும் உரிய ஊதியத்தோடு அழைத்து, அடித்த தடத்தை அடிப்பவரின் கண்கொண்டு படித்துக் குறித்துக்கொள்வதும் உடனே தொடங்கத்தக்க பணிகள்.